வளைய வேண்டியது எது

கோல்ஃப் மட்டையின் அடிப்பாகத்தில் ஒட்டிய மெல்லிய டேப்பின்மேல், கெட்டியான பிளாஸ்டிக் பலகையை அது உரசிக் கடந்த கணத்தில் விழுகிற தேய்வு, ஒரு கட்டைவிரல் நகத்தின் அகலத்துக்கு மேல் இருப்பதில்லை. நடுவில் டேப் முற்றும் தேய்ந்து எஃகின் வெண்மை தெரியும். விளிம்புகளில் அது நுண்ணிய மடிப்புகளாகச் சுருண்டு நிற்கும். அந்தத் தேய்வு அடிப்பாகத்தின் நடுவில் விழுந்திருந்தால் மட்டை ஆடுகிறவருக்குப் பொருந்தியது என்றும், தண்டு வந்து சேரும் குதிப் பக்கமாக விழுந்திருந்தால் அவருக்கு அது அளவுக்கு மீறி நிமிர்ந்தது என்றும், எதிர்ப்புற நுனியை ஒட்டி விழுந்திருந்தால் அளவுக்கு மீறிப் படிந்தது என்றும், பொருத்தம் பார்க்கிறவர் ஒரே பார்வையில் சொல்லிவிடுகிறார். சொல்லி, ஒரு டிகிரி, ஒன்றரை டிகிரி என்று ஓர் எண்ணையும் தம் ஏட்டில் குறித்துக்கொள்கிறார். அந்த முறையில் குற்றம் காண என்னால் இயலவில்லை. எனினும் அந்த எண் உச்சரிக்கப்படும்போதெல்லாம் ஒரு சஞ்சலம் என்னைப் பற்றிக்கொள்கிறது. அந்தத் தேய்வு எதைப் பற்றிய சாட்சியம்? இரும்பின் அமைப்பைப் பற்றியதா, அதை வீசிய சரீரத்தின் அமைப்பைப் பற்றியதா, அல்லது இரண்டும் நெடுங்காலம் ஒன்றாகப் புழங்கியதில் ஒன்றன் கோணலுக்கு மற்றொன்று தன்னை வளைத்துக்கொண்டு செய்துகொண்ட மௌனமான உடன்படிக்கையைப் பற்றியதா?

லை கோணம் என்று ஆட்டக்காரர்கள் சொல்வது, மட்டையின் அடிப்பாகம் தரையில் சமமாகப் படிந்திருக்கையில் தண்டு தரையோடு கொள்ளும் சாய்வு. அயர்ன் எனப்படும் இரும்பு மட்டைகளில், நீண்ட தண்டுள்ள 3ஆம் எண் அயர்னில் அது 60 டிகிரியை ஒட்டி இருக்கும். எண் ஏற ஏறத் தண்டு குறுகி, ஆடுகிறவர் பந்துக்கு அருகே வந்து நிற்பதால், மட்டைக்கு மட்டை ஏறக்குறைய அரை டிகிரியாக அது நிமிர்ந்துகொண்டே போய், குறுந்தூர அடிகளுக்கான வெட்ஜுகளில் 64ஐ நெருங்கி நிற்கும். இந்தச் சாய்வு பிசகினால் பந்தின் திசை ஏன் பிசக வேண்டும் என்பதை விளங்கிக்கொள்ள நம் வீட்டு முறமே போதும். செங்குத்தாக நிமிர்த்திப் பிடித்த முறத்தைச் சக்கரம்போல் அதன் தளத்திலேயே சற்றுத் திருப்பினால் அதன் முகம் நோக்கும் திசை மாறுவதில்லை. வானம் பார்க்க ஏந்திய முறத்தின் ஒரு விளிம்பை விரற்கடை அளவு உயர்த்தினாலோ தானியமெல்லாம் மறுபக்கம் ஓடிவிடும். மட்டையின் முகம் எவ்வளவுக்கு வானத்தை நோக்கிச் சாய்ந்திருக்கிறதோ, அதாவது அதன் லாஃப்ட் எவ்வளவு அதிகமோ, அவ்வளவுக்கு லையின் பிழை திசையின் பிழையாக மாறுகிறது. 21 டிகிரி லாஃப்ட் உள்ள 3ஆம் எண் அயர்னில் லை ஒரு டிகிரி தவறினால் முகம் ஏறத்தாழ 0.4 டிகிரிதான் விலகும். 46 டிகிரி உள்ள பிட்சிங் வெட்ஜில் அதே தவறு ஒரு டிகிரிக்குச் சற்று மேலாகவும், 60 டிகிரி உள்ள லாப் வெட்ஜில் 1.7 டிகிரியாகவும் வளர்ந்துவிடுகிறது. நுனி உயர்ந்தால் வலக்கை ஆட்டக்காரரின் பந்து இடப்பக்கம் போகும்; நுனி தாழ்ந்தால் வலப்பக்கம். முகம் நோக்கும் திசையை மட்டும் வைத்துக் கஜக் கணக்குப் போட்டால், 3ஆம் எண் அயர்னால் 200 கஜம் போகும் அடியில் ஒன்றரைக் கஜத்துக்கும் குறைவான விலகல் அது. லாப் வெட்ஜால் 70 கஜம் போகும் அடியில் இரண்டு கஜத்துக்கும் மேலான விலகல். முன்னதை எவரும் கவனிக்கப் போவதில்லை. பின்னதோ, குழிக்கு ஒட்டிப் பந்தை நிறுத்தவேண்டும் என்பதற்காகவே கையில் எடுத்த மட்டையில் நிகழ்வது. அப்படியிருக்க, அயர்ன்களையெல்லாம் பலகையில் வைத்துச் சோதித்து வளைத்து வாங்குகிற ஒருவர், வெட்ஜை மட்டும் கடையில் தொங்குகிற நிலையிலேயே எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு போவதைப் பார்க்கும்போது எனக்கு உண்மையாகவே வருத்தம் உண்டாகிறது. கணித சாஸ்திரம் எங்கே உரக்கப் பேசுகிறதோ அங்கேதான் செவி மூடப்பட்டிருக்கிறது.

இந்தச் சாய்வை ஆளுக்கு ஆள் மாற்றித் தரவேண்டிய ஒன்றாக வியாபார உலகுக்குக் காட்டியவர்களில் முதன்மையானவர் கார்ஸ்டன் சோல்ஹைம். நார்வேயில் 1911இல் பிறந்து, குழந்தையாகவே அமெரிக்கா போய்ச் சேர்ந்து, இளமையில் செருப்புத் தைக்கும் தொழில் செய்து, பிறகு ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தில் பொறியாளராக இருந்தவர்; நாற்பது வயதைத் தாண்டிய பின்பே கோல்ஃப் ஆடத் தொடங்கியவர். 1959இல் தம் வீட்டுக் கராஜில் அவர் செய்த, பந்தைக் குழிக்கு உருட்டும் பட்டர் மட்டையின் ஓசையே பிங் என்ற பெயராயிற்று. 1972இல் அவருடைய நிறுவனம் நிறப் புள்ளிகளின் அட்டவணை ஒன்றை வெளியிட்டது: கறுப்புப் புள்ளி இயல்பான லை, நீலம் அதைவிட நிமிர்ந்தது, சிவப்பு அதைவிடப் படிந்தது என்று தொடங்கி இருபுறமும் விரியும் வரிசை. அந்த அட்டவணையில் நான் போற்றுவது நிறங்களை அல்ல. ஒருவருடைய உயரத்தோடு, அவர் கைகளைத் தொங்கவிட்டு நிற்கும்போது மணிக்கட்டின் மடிப்புக்கும் தரைக்கும் உள்ள தூரத்தையும் சேர்த்துக் கேட்டதையே போற்றுகிறேன். ஆறடி உயரமுள்ள இருவரில் ஒருவருக்கு விரல்நுனி முழங்காலைத் தொட்டுவிடும் போலிருக்கும், மற்றவருக்குத் தொடையின் பாதியோடு நின்றுவிடும். உயரம் இருவரையும் ஒருவராகக் காட்ட, மணிக்கட்டு பிரித்துக் காட்டுகிறது. தலையின் உயரத்தால் மட்டைக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை. கை எங்கே தொங்குகிறது என்பதே அதற்கு வேண்டிய விஷயம். பாதத்துக்குச் செருப்பை அளந்து பழகியவருக்கு இது எளிதில் புலப்பட்டிருக்கும் என்று எண்ணிக்கொள்வதில் எனக்கு ஒரு சந்தோஷம்.

ஆனால் நின்ற நிலையில் எடுத்த அளவு, அடிக்கும் கணத்தின் அளவாகாது. பந்தருகே நின்று மட்டையைத் தரையில் வைக்கும்போது கைகள் எவ்வளவு தாழ்ந்திருந்தனவோ, அடிக்கும் கணத்தில் அதைவிட அவை உயர்ந்துதான் வருகின்றன. உடல் நிமிர்கிறது, மணிக்கட்டு நீள்கிறது, தண்டு செங்குத்தை நோக்கி எழுகிறது. இதற்கு எதிராக மற்றொன்றும் நடக்கிறது. மட்டைத்தலையின் கனம் தண்டின் நேர்க்கோட்டில் இல்லை, அதற்கு வெளியே தள்ளி இருக்கிறது. ஆகவே வேகமாகச் சுழல்கையில் அந்தக் கனம் வெளிப்புறமாக இழுபட்டு, தண்டை வளைத்து, நுனியைத் தரைப்பக்கம் தாழ்த்துகிறது. எழுச்சியும் தாழ்ச்சியும் ஆளுக்கு ஆள், தண்டுக்குத் தண்டு, வேகத்துக்கு வேகம் மாறுபடுகின்றன. அதனால்தான் அட்டவணை போதாமல் டேப்பும் பலகையும் வந்தன. நியாயமே. எனினும் பலகைமேல் நின்று அடிக்கிறவரைச் சிறிது நேரம் கவனித்துப் பாருங்கள்: புல்லில் தாராளமாக மண்ணைக் கிளறுகிற அதே மனிதர், கெட்டித் தளத்தைக் கண்டதும் அறியாமலே தோள்களை அரை அங்குலம் உயர்த்திக்கொண்டு, பந்தை மட்டும் பொறுக்கி எடுக்கிறார். டேப்பில் பதிவது பலகைக்குப் பயந்த வீச்சு.

இந்த அச்சத்தைக்கூடப் பழக்கத்தால் போக்கிவிடலாம். போக்க முடியாதது வேறொன்று. நிமிர்ந்த லை உள்ள மட்டைகளோடு பல ஆண்டுகள் ஆடிய ஒருவரை எடுத்துக்கொள்வோம். பந்து இடப்பக்கமே போய்க்கொண்டிருந்தால் உடல் வாளாவிருக்காது; அது புத்தியைக் கேட்காமலே, அடிக்கும் கணத்தில் மணிக்கட்டைத் திருப்பாமல் பிடித்துக்கொள்ளவும், கைகளை இன்னும் உயர்த்தி வீசவும், முகத்தை வலப்பக்கம் சற்றுத் திறந்து வைக்கவும் கற்றுக்கொள்கிறது. சில பருவங்கள் கழிந்தபின் அவருடைய பந்து நேராகவே போகிறது. இப்போது அவரைப் பலகைமேல் நிறுத்தினால், உயர்ந்த கைகளின் காரணமாகத் தேய்வு நடுவிலேயே விழக்கூடும். பொருத்தம் பார்க்கிறவர் எல்லாம் சரியாக இருக்கிறது என்று எழுதிக்கொண்டு போய்விடுவார். தவறான மட்டை தனக்கேற்ற வீச்சைப் படைத்துவிட்டது; அந்த வீச்சே இப்போது மட்டையின் நற்சான்றுக்குக் கையெழுத்திடுகிறது. இன்னொருவரிடம் தேய்வு குதியில் விழும், பந்தோ நேராகப் போகும். அவருடைய மட்டையைப் படிய வளைத்துக் கொடுத்தால் தேய்வு நடுவுக்கு வந்துவிடும், பந்து வலப்பக்கம் ஓடிவிடும். அடிப்பாகம் சொல்வதை நம்புவதா, ஆகாயத்தில் பந்து சொல்வதை நம்புவதா? பந்தின் பின்புறத்தில் மார்க்கர் பேனாவால் செங்குத்தாக ஒரு கோடு இழுத்து, அதை முகம் சந்திக்குமாறு வைத்து அடித்தால், கோடு முகத்தில் பதிந்துவிடும். பதிந்த கோடு முகத்துப் பள்ளங்களுக்குச் செங்குத்தாக நின்றால் பந்தைத் தொட்ட கணத்தில் லை சரி, சாய்ந்து நின்றால் தவறு. பலகையின் தயவு வேண்டாத சோதனை; புல்லில் இருந்தே செய்யலாம்; பந்துக்கும் மட்டைக்கும் இடையே நிகழ்ந்ததை அது மட்டும்தான் நேரில் கண்டு சொல்கிறது. ஆகையால் டேப்பைவிட அந்தக் கோட்டை நான் நம்புகிறேன். இருந்தும் அதுவும் இன்றைய வீச்சைத்தான் சொல்லும். அந்த வீச்சை யார் கற்பித்தார்கள் என்று சொல்லாது.

இங்கே அமெரிக்க ஆட்டக்காரர் பென் ஹோகனை நினைக்காமல் இருக்க முடிவதில்லை. இளமையில் இடப்பக்கம் கொக்கிபோல் வளைந்தோடும் பந்தால் அவர் பட்ட அவதி பிரசித்தமானது. பின்னாளில் அவர் பயன்படுத்திய அயர்ன்கள் வழக்கத்தைவிட வெகுவாகப் படிந்தவை என்று அவற்றைக் கையில் வாங்கிப் பார்த்தவர்கள் பலர் சொல்லியிருக்கிறார்கள். 1949இல் அவருடைய காரும் ஒரு பஸ்ஸும் மோதியதில் உயிர் தப்பியதே அரிதாகி, மறு வருஷமே மெரியன் மைதானத்தின் கடைசிக் குழியில் 1ஆம் எண் அயர்னைச் சுழற்றி முடித்து நிற்கிற அந்தப் புகைப்படத்தைப் பார்த்திராத கோல்ஃப் ரசிகர் குறைவு. அவருடைய படிந்த லையில் ஓர் அளவையைவிட ஒரு சங்கற்பமே எனக்குத் தென்படுகிறது. இடப்பக்கம் என்ற திசையையே தம் மட்டைகளிலிருந்து நீக்கிவிட வேண்டும் என்று முடிவு செய்து, இரும்பை அதற்கேற்பப் படிய வைத்து, பிறகு அந்த இரும்புக்கு ஏற்றபடி தம் உடலை ஆயிரக்கணக்கான பந்துகளால் வளைத்தவர் அவர். முதலில் வளைந்தது இரும்பு, பின்பு மனிதன், இரண்டுக்கும் முன்னால் நின்றது ஒரு தீர்மானம். இன்றைய பொருத்தக் கலையோ தீர்மானத்தைக் கேட்பதேயில்லை. நீ எப்படி வீசுகிறாய் என்று கேட்கிறது. எப்படி வீச விரும்புகிறாய் என்று கேட்பதில்லை.

செயின்ட் ஆண்ட்ரூஸில் டாம் ஸ்டூவர்ட் போன்ற கொல்லர்கள் உலையில் காய்ச்சி அடித்து, புகைக்குழல் முத்திரை பொறித்து விற்ற காலத்து இரும்புகளில் டிகிரி என்ற பேச்சே இல்லை. வாங்க வந்தவர் மட்டையைத் தரையில் வைத்துப் பார்ப்பார். கண்ணுக்குப் பிடித்தால் எடுத்துக்கொள்வார். நுனி தூக்கினால் கொல்லரிடமே திருப்பிக் கொடுத்து ஒரு தட்டுத் தட்டச் சொல்வார். பாபி ஜோன்ஸ் ஸ்டூவர்ட்டின் இரும்புகளைக் கொண்டு ஆடினார். 1930இல் நான்கு பெரும் பட்டங்களையும் ஒரே ஆண்டில் அவர் வென்றது ஹிக்கரி மரத் தண்டுகளால்தான். எஃகுத் தண்டை அமெரிக்காவின் விதிக்குழு 1924இலும் செயின்ட் ஆண்ட்ரூஸ் விதிக்குழு 1929இலும் அனுமதித்த பிறகே, ஒன்றுக்கொன்று இசையச் செய்த வரிசைகளும், எண்ணிட்ட அயர்ன்களும், அரை அரை டிகிரியாக ஏறும் லையும் பொது வழக்காயின. பழைய முறை மேலானது என்று நான் வாதிக்கவில்லை. கண் பார்த்தது நின்ற நிலையின் சாய்வை மட்டுமே. ஆயினும் மட்டைகளை ஒவ்வொன்றாகத் தேடிச் சேர்த்த அந்த நாளில், ஒவ்வொரு மட்டையும் தன் வேலையைக் கொண்டு மதிக்கப்பட்டது. வரிசையில் அது எத்தனையாவது என்பதைக் கொண்டு அல்ல. இந்த நூற்றாண்டில் பிரைசன் டிஷாம்போ தம் அயர்ன்கள் அனைத்தையும் ஒரே நீளத்திலும் ஒரே லையிலும் அமைத்துக்கொண்டு, 2020இலும் 2024இலும் யு.எஸ். ஓப்பன் வென்று, ஏறும் வரிசை ஓர் இயற்கை நியதி அல்ல என்று காட்டிவிட்டார். அவருக்கு எல்லா அயர்னுக்கும் ஒரே நிலை, ஒரே சாய்வு. லாஃப்ட் மட்டும் மாறுகிறது. ஆகவே அவருடைய பையிலும் அதே ஒரு டிகிரிப் பிழை வெட்ஜில்தான் அதிகமாகத் தண்டிக்கும்.

வெட்ஜுக்கு வந்தால் சந்தேகம் இரட்டிப்பாகிறது. அயர்னை ஆடுகிறவர் பெரும்பாலும் முழு வீச்சாகவே ஆடுகிறார்; ஆகவே அவருக்கு ஒரு லை உண்டு என்று சொல்வதில் பொருள் உண்டு. வெட்ஜை அவர் முழுதாக வீசுவது எப்போதோ ஒரு முறை. மற்ற வேளைகளில் இடுப்பளவு, தோளளவு, முகத்தைத் திறந்து, மூடி, மணலில், ஈரப்புல்லில், பந்தைக் காலருகே வைத்து, எட்ட வைத்து என்று அது நூறு அவதாரம் எடுக்கிறது. பாதி வீச்சில் வேகம் குறைவு; நுனி தாழ்வது குறைவு; கைகளும் அவ்வளவாக எழுவதில்லை. மணற்குழியில் முகத்தை நன்றாகத் திறந்து அடிக்கிறவர் கைகளைத் தாழ்த்திக்கொள்கிறார். தாழ்த்தினால் நுனி எழுகிறது. பலகைமேல் முழு வீச்சில் கண்ட லை இவற்றுள் ஒன்றுக்கும் உரியதல்ல. தேர்ந்த ஆட்டக்காரர் பலர் தம் அயர்ன் வரிசை கேட்கிற அளவைவிட வெட்ஜுகளை ஒரு டிகிரி போலப் படிய வைத்துக்கொள்வதற்குக் காரணம் இதுவே என்று நினைக்கிறேன். குறு வீச்சில் தாழ்ந்து நிற்கும் கைகளுக்கு அது இடம் தருகிறது.

இத்தனைக்கும் மேலாகப் பூமி என்று ஒன்று இருக்கிறது. பலகை சமதளம்; மைதானம் அப்படியல்ல. உதகை ஜிம்கானாவின் மேடுபள்ளங்களில் ஆடியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பாதங்களைவிடப் பந்து மேட்டில் இருக்க, ஐந்து டிகிரிச் சரிவில் 60 டிகிரி வெட்ஜின் அடிப்பாகத்தைப் புல்லோடு பொருந்த வைத்தால், முகம் எட்டு டிகிரிக்கு மேல் இடப்பக்கம் திரும்பிவிடும். சரிவு ஒரே அடியில் இவ்வளவைச் செய்யும்போது, ஒரு டிகிரியைத் திருத்துவதற்கு இயந்திரமும் ஏடும் எதற்கு என்று நெடுநாள் நான் யோசித்ததுண்டு. எனக்குக் கிடைத்த சமாதானம் இது. சரிவு கண்ணுக்குத் தெரிகிறது. தெரிவதால் ஆடுகிறவர் வலப்பக்கம் குறி வைக்கிறார், அடி முடிந்ததும் அந்தத் திருத்தத்தை அங்கேயே விட்டுவிட்டு நடக்கிறார். மட்டையின் கோணல் கண்ணுக்குத் தெரிவதில்லை. ஆகவே அதற்கான திருத்தம் புத்தியை எட்டாமல் தசைக்குள் இறங்கி, சமதரையிலும் சரிவிலும் ஒருங்கே வேலை செய்து, சுபாவமாக உறைந்துவிடுகிறது. லையைச் சரிசெய்வதன் பயன் பந்து இரண்டு கஜம் நேராகப் போவது மட்டுமன்று. கண்ட காரணத்துக்கும் காணாத காரணத்துக்கும் உடல் ஒருசேரப் பரிகாரம் தேடிக் குழம்பாமல் இருப்பது.

இதற்கு மாறாக இசாவோ அவோக்கியைக் காட்டுவார்கள். கைகளை மிகத் தாழ்த்தி, பட்டரின் நுனி ஆகாயம் பார்க்க நிற்க, வாழ்நாள் முழுதும் அப்படியே ஆடி மேதையானவர் அந்த ஜப்பானியர். ஆனால் பட்டரின் லாஃப்ட் மூன்று நான்கு டிகிரிதான். அதை வைத்துக் கணக்கிட்டால் நுனி பத்து டிகிரி தூக்கி நின்றாலும் முகம் முக்கால் டிகிரிகூட விலகாது. அவருடைய விசித்திரம் கணிதப்படி நிரபராதம். 1983இல் ஹவாயன் ஓப்பனின் கடைசிக் குழியில், 128 கஜத்திலிருந்து அடித்த பந்து நேராகக் குழிக்குள் விழுந்து அவரை வெற்றியாளராக்கியதே, அந்த அடிக்கு அவர் எடுத்தது வெட்ஜ். அந்த மட்டையில் இந்தச் சலுகை கிடையாது. அங்கே அவருக்கு உதவியது கை. அந்தக் கையைப் பொருத்தம் பார்க்கிற எந்த அட்டவணையும் தந்துவிடாது, எடுத்துவிடவும் முடியாது.

கடைசியில் இரும்பும் நிலையானதல்ல. வளைக்கும் சட்டத்தில் தலையை இறுக்கி, நீண்ட கம்பியைக் கழுத்தில் மாட்டி இழுக்கும்போது, காய்ச்சி அடித்த மென்மையான கார்பன் எஃகு ஒரு பெருமூச்சுப்போல் இணங்கிக் கொடுக்கிறது. வார்த்த 17-4 ரகத் துருப்பிடிக்கா எஃகு முரண்டு பிடித்து, இழுத்த அளவில் பாதியைத் திரும்ப வாங்கிக்கொள்கிறது. இரண்டு டிகிரிக்கு மேல் அதை வற்புறுத்த நல்ல தொழிலாளிகள் தயங்குகிறார்கள். எளிதில் வளைந்த மென்மையான இரும்போ, கெட்டித் தளங்களில் நாள்தோறும் மோதி மோதித் தானாகவே கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்துவிடும். ஆண்டுக்கு ஒரு முறையாவது அளந்து பார்க்க வேண்டும் என்பதற்கு அதுவே காரணம்.

ஆகவே என் அபிப்பிராயத்தைத் தயக்கத்தோடாவது சொல்லிவிடுகிறேன். வீச்சு உருவாகி நிலைத்தவருக்கு அயர்ன்களின் லையைப் பந்திலிட்ட கோட்டைக் கொண்டு, புல்லில் வைத்து முடிவு செய்யலாம். கோடும் பந்தின் போக்கும் முரண்பட்டால் இரும்பைத் தொடாமல், முதலில் அந்த முரண்பாட்டுக்கு வழி செய்த வீச்சைப் பற்றி அவரிடம் பேச வேண்டும். வெட்ஜுகளை முழு வீச்சில் சோதிக்கவே கூடாது. அவர் எந்தத் தூரத்தில் அதிகமாக அவற்றை எடுக்கிறாரோ அந்தத் தூரத்தின் வீச்சில், மண்ணில் விழும் வெட்டு குதிப் பக்கம் ஆழமா, நுனிப் பக்கம் ஆழமா என்று குனிந்து பார்த்து, சந்தேகம் இருந்தால் படிந்த பக்கமே சாய வேண்டும். புதிதாகக் கற்கிறவர் விஷயத்தில்தான் என் சஞ்சலம் இன்னும் தீரவில்லை. அவருடைய இன்றைய கோணலுக்கு ஏற்ப இரும்பை வளைத்தால் அந்தக் கோணலுக்கு வீடு கட்டிக் கொடுத்ததாகும். வளைக்காமல் பொருந்தாத ஒன்றைக் கொடுத்தால் புதிய கோணலைக் கற்பித்ததாகும். அவருக்கு உயரமும் மணிக்கட்டும் பார்த்த அளவே போதும் என்று இப்போதைக்கு எண்ணுகிறேன். தொடர்ந்து சில மாதங்கள் வெட்டு ஒரே இடத்தில் விழத் தொடங்கும் வரை அவரைப் பலகைக்கு அருகே அழைத்துச் செல்லாமல் இருப்பது நல்லது.